விட்ட இடத்திற்கும் சற்று முன்னிருந்து

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, சண்டிலிப்பாய்ப் பிள்ளைகளின் படிப்பும் நடுவழியில் நின்றது. 1996இல் ஊர் திரும்பியவர்களுள் மீண்டும் வாங்கில் அமர்ந்தோரும் உளர், அமராதோரும் உளர். இன்று நோயோ, வறுமையோ, பரீட்சைத் தோல்வியோ ஓராண்டை விழுங்கிவிடுகிறது. திரும்பி வருபவரைத் தடுப்பது மறதியைவிட வெட்கமே. "என்னிலும் இளையவரோடு இருப்பதா?"

லொயோலா இஞ்ஞாசியார் 1524இல் பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் தொடங்கியபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். புத்தகத்தைத் திறந்தால் பக்திச் சிந்தனைகள் இனிக்க இனிக்க வந்து பாடத்தைக் கலைத்தன. செபத்தில் வராத இனிமை படிப்பில் மட்டும் வருவதேன்? சோதனையென்று கண்டுகொண்டு, இனி வகுப்புத் தவறேன் என ஆசிரியரிடம் வாக்களித்தார். (நம் பிள்ளைகளைக் கலைப்பது பக்தியன்று, கைத்தொலைபேசி!) அவசரப் படிப்பால் அடித்தளம் போதாதென்று உணர்ந்து, 1528இல் பாரிஸில் மறுபடியும் சிறுவரோடு அதே இலத்தீனைப் படித்தார்.

ஆகவே மாணவரே, விட்ட பாடத்திலிருந்து தொடங்காதீர். அதற்கு முந்திய பாடத்தை எடுங்கள். பழைய கொப்பியை மூடிவைத்து, நினைவிலுள்ளதை எழுதிப் பாருங்கள். பேனா எங்கே நிற்கிறதோ அங்கே தொடங்குங்கள். முதல் வாரம் நாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும்; ஆனால் அதே மணித்தியாலமாக இருக்கட்டும்.

பெற்றோரே, சோற்றுக் கோப்பையின் முன்னால் "ஒரு வருசம் வீணாய்ப் போச்சு" என்ற பேச்சு வேண்டாம். பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும்.