லிப்ட் தூக்கவில்லையா?

சேற்றுழவு நேரத்தில் டிராக்டரின் ஹைட்ராலிக் லிப்ட் கலப்பையைத் தூக்காவிட்டால் வேலையே நின்றுவிடும். கொரட்டூரை அடுத்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் வேலை தெரிந்த பட்டறைகள் உண்டு. ஆனால் பம்பைக் கழற்றி எடுத்துச் செல்லுமுன் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்தால் செலவு மிஞ்சும்.

ஹாரி பெர்குசனின் மூன்று முனை இணைப்பு கொண்ட டிராக்டர் 1936-ல் விற்பனைக்கு வந்தது. இன்றைய சிறு டிராக்டர்களிலும் அடிப்படை அதுவே. பம்பு தள்ளும் ஆயில் பிஸ்டனை நகர்த்தி, லிப்ட் கைகளை உயர்த்துகிறது.

ஆயில்: சமதரையில் வண்டியை நிறுத்தி, லிப்டை இறக்கி, எஞ்சினை அணைத்து அளவுக் கம்பியைப் பார்க்கவும். பல வண்டிகளில் கியர் பெட்டிக்கும் லிப்டுக்கும் ஒரே ஆயில்தான். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. நுரைத்தால் காற்று புகுகிறது. வடிகட்டி அடைத்திருந்தாலும் லிப்ட் தூக்காது.

பாரம்: கலப்பையில்லாமல் உயர்ந்து, கலப்பையுடன் உயராவிட்டால் அழுத்தம் போதவில்லை. பம்பு தேய்ந்திருக்கலாம், ரிலீப் வால்வு கசியலாம். காலையில் தூக்கி, ஆயில் சூடானபின் தளர்ந்தால் பெரும்பாலும் தேய்மானமே காரணம்.

இறக்கம்: கலப்பையை உயர்த்தி எஞ்சினை அணைக்கவும். அருகில் யாரும் நிற்கக்கூடாது. கலப்பை தானே விரைவாக இறங்கினால் சிலிண்டர் வளையத்திலோ வால்விலோ கசிவு உள்ளது. தேய்ந்த பம்பு இதற்குக் காரணமன்று.

எச்சரிக்கை: கலப்பையைத் தரையில் இறக்கியபின்பே பழுது பார்க்கவேண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கவும். பீறிடும் ஆயில் தோலைத் துளைத்தால், காயம் சிறிதாயினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.