மீனுக்கு நேற்றுப் பிடித்த தண்ணீர்

"சார், இந்தக் குழாய்த் தண்ணீரைத்தானே நாங்களும் குடிக்கிறோம்? எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே! மீனுக்கு மட்டும் ஏன் சார் இப்படி?"

புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் வசிக்கும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று காலை அவன் தன் மீன் தொட்டியின் நீர் முழுவதையும் கொட்டிவிட்டான். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினான். அப்போதுதான் குழாயில் வந்த நீரைப் பிடித்து நிரப்பினான். தொட்டி பளிங்குபோல் இருந்தது. ஆனால் மாலைக்குள் ஐந்து மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. என் வீட்டு முற்றத்துத் தொட்டியில் இரண்டு நாட்களாக நின்றிருந்த நீருக்கு அவற்றை மாற்றினோம். மூன்று பிழைத்தன.

மாணவர்களே, அவன் கேள்வி நியாயமானதுதான். விடையைப் பார்ப்போம்.

நமக்குக் காவல், மீனுக்கு நஞ்சு

குழாய் நீரில் நோய்க் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். குழாய் முனையில் ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. இந்தச் சிறு அளவு நம்மைக் காலரா போன்ற நோய்களிலிருந்து காக்கிறது. நாம் குடித்தால் அது இரைப்பையிலேயே செயலிழந்துவிடும்.

மீனின் நிலை வேறு. அது நீரைச் செவுள்களின் வழியே இடைவிடாமல் செலுத்திச் சுவாசிக்கிறது. செவுளில் இரத்தத்துக்கும் நீருக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய தோல். குளோரின் அதை அரித்துவிடும். பிறகு நீரில் பிராணவாயு இருந்தும் மீனால் அதை எடுத்துக்கொள்ள இயலாது.

இன்னொரு கேடும் உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. கூழாங்கற்களின் மேல் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றித் தொட்டியைக் காக்கின்றன. குளோரின் கலந்த நீரால் கற்களைக் கழுவினால் அவையும் அழிகின்றன.

வாசல் அகலமாக இருக்கட்டும்

தீர்வு எளிது: நீரைப் பிடித்து, திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் வைத்திருங்கள். காற்றில் குளோரின் இல்லை. ஆகவே நீரில் கரைந்துள்ள குளோரின் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. வெயிலும் அதைச் சிதைக்கிறது. அதே வேளையில் காற்றிலுள்ள பிராணவாயு நீருக்குள் கரைகிறது. போவதற்கும் வருவதற்கும் வாசல் ஒன்றே: நீரின் மேற்பரப்பு.

30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளியில் நீரின் மேற்பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். கழுத்துவரை நிரப்பிய குடத்தின் வாய் 10 சென்டிமீட்டர் விட்டம் எனில், மேற்பரப்பு சுமார் 79 சதுர சென்டிமீட்டரே. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! எனவே குடம் வேண்டாம். அகன்ற வாளியே நல்லது. அவ்வப்போது ஒரு குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் வேலை விரைவில் முடியும்.

நம் ஊரணிகளைப் பாருங்கள். அகன்ற பரப்பு, வெயில், காற்று, நீர்த்தாவரங்கள் எல்லாம் அங்கே உண்டு. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில், 9ஆம் நூற்றாண்டு ஓவியமாகத் தாமரைக்குளம் ஒன்று இருக்கிறது. அதில் மீன்கள் நீந்துகின்றன. அத்தகைய குளத்து மீனுக்கு இயற்கையே செய்து தரும் வேலையை, தொட்டி மீனுக்கு நாம் செய்ய வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளோரின் இல்லையே என்பீர்கள். ஆனால் பூமிக்கடியில் காற்றுப் படாமல் இருந்த நீரில் பிராணவாயு குறைவு. கரியமில வாயு மிகுதி. அதையும் ஒரு நாள் வைத்திருந்தே ஊற்றுங்கள்.

எந்தப் பாத்திரம்?

செப்புக் குடமும் பித்தளைத் தவலையும் வேண்டாம். நீரில் கரையும் தாமிரம் கிருமிகளைக் கொல்லும், மீனையும் கொல்லும். புதிய சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மையைக் கூட்டும். அதைப் பலமுறை நிரப்பிக் கொட்டிய பின்னரே பயன்படுத்தலாம். சோப்புப் படாத பிளாஸ்டிக் வாளி போதும்.

வாளியை மூடியால் மூடாமல், மெல்லிய துணியால் கட்டுங்கள். துணி வாயுக்களுக்கு வழிவிடும். டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு வழிவிடாது.

வெயிலில் வைத்த வாளியை, ஊற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே தொட்டியின் அருகே கொண்டுவந்து வையுங்கள். இரண்டு நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரைகிறது; 30 டிகிரியில் சுமார் 7.5தான்.

ஆவியாவது நீர் மட்டுமே

நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தால் போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புகள் உள்ள நீர். மொத்த உப்பு 10 கிராம். கோடையில் 4 லிட்டர் ஆவியாகிறது. உப்பு அப்படியே தங்கிவிடும். ஈடாக ஊற்றும் 4 லிட்டரில் மேலும் 2 கிராம் வந்து சேரும். ஐந்து முறை இப்படிச் செய்தால் 20 கிராம், அதாவது இருமடங்கு! ஆகவே வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை வெளியேற்றிவிட்டு, பிடித்து வைத்த நீரை ஊற்றுங்கள். முழுவதையும் மாற்றாதீர்கள். வெளியேற்றிய நீர் செடிகளுக்கு நல்ல உரம். தண்ணீர் அருமையான நம் மாவட்டத்தில் அதை வீணாக்கலாமா?

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையுடன், அப்போது பிடித்த குழாய் நீர், குடத்தில் ஒரு நாள் வைத்த நீர், வாளியில் ஒரு நாள் வைத்த நீர் ஆகியவற்றை மூன்று சோதனைக் குழாய்களில் சம அளவு எடுங்கள். ஒவ்வொன்றிலும் சிறிது பொட்டாசியம் அயோடைடு, இரண்டு சொட்டு வினிகர், சிறிது தெளிந்த கஞ்சி சேருங்கள். குளோரின் இருந்தால் உடனே நீல நிறம் தோன்றும். எதில் நிறம் மிகுதி, எதில் குறைவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு மாணவன் இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு வாளி நீர் பிடித்து வைத்துவிடுகிறான். அவனிடம் நான் கேட்ட கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன்: நன்றாகக் காய்ச்சிய நீரில் குளோரின் இராது. அதை ஆறவைத்து உடனே மீன் தொட்டியில் ஊற்றலாமா? நீர் சூடாகும்போது பாத்திரத்தின் ஓரங்களில் தோன்றும் சிறு குமிழிகளை நினைத்துக்கொண்டு விடை தேடுங்கள்.