கருவி சொல்லும் இடமும் தாள் காட்டும் இடமும்

நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் விடுமுறை வந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு மண்ட்லா, திண்டோரி பக்கத்துக் கச்சா ரோடுகளில் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். "வரைபடம் எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டால், "ஜி.பி.எஸ். இருக்கிறதே மாமா, அது எதற்கு?" என்கிறார்கள். ரயில்வேயில் பாதை அளவெடுப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எனக்கே ஒருமுறை இந்தக் கருவி பாடம் கற்பித்தது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2009 செப்டம்பர். நிவாஸ் பக்கத்திலிருந்து ஜபல்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டு, இருட்டத் தொடங்கிய நேரம். தார் ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் மேற்கே போகும் வண்டித்தடத்தில் இறங்கினோம். ஓட்டியவர் நண்பரின் மகன். என் மடியில் பழைய டோபோஷீட், கையில் ஜி.பி.எஸ். கருவி. வழியில் ஒரு நாலா உண்டு என்று தாள் காட்டியது. கருவி தந்த எண்களைத் தாளில் குறித்துப் பார்த்தேன். புள்ளி நாலாவுக்கு மேற்கே விழுந்தது. "நாலாவைத் தாண்டிவிட்டோம் தம்பி, இனி மேடுதான். தைரியமாகப் போங்கள்" என்றேன்.

ஆனால் வண்டி ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போனது. தாள் மேடு என்கிறது, சீட்டில் உட்கார்ந்த உடம்பு சரிவு என்கிறது. "நிறுத்துங்கள்" என்று கத்தினேன். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் பத்தடி முன்னால் நாலா, கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் வண்டியிலேயே இருந்து காலையில் திரும்பினோம்.

கருவியில் பழுதில்லை, தாளிலும் பிழையில்லை. பிழை என்னுடையது. இரண்டும் வெவ்வேறு கணக்கில் பேசுகின்றன என்பதை மறந்துவிட்டேன்.

டேட்டம் என்றால் என்ன?

பூமி சரியான உருண்டையல்ல. அதன் வடிவத்துக்கு ஒரு கணித உருவத்தையும், அளவெடுக்கத் தொடங்க ஓர் ஆதாரத்தையும் வைத்துக்கொண்டால்தான் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் பிறக்கும். இந்த அடிப்படைக்கு டேட்டம் என்று பெயர். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணி, பின்னர் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த உருவத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் தொடக்கப் புள்ளி நம் மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூர். பழைய டோபோஷீட்டுகள் எல்லாம் இந்த எவரெஸ்ட் கணக்கில் வரைந்தவை. ஜி.பி.எஸ். பேசுவதோ டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கு.

ஜபல்பூர் வட்டாரத்தில் இவ்விரண்டுக்கும் 150 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். கருவியின் எண்ணை அப்படியே பழைய தாளில் வைத்தால், புள்ளி உண்மையான இடத்துக்கு மேற்கே தள்ளி விழும். தாளில் அது 3 மில்லிமீட்டர்தான். எங்களுக்கு அந்த 3 மில்லிமீட்டருக்குள் ஒரு நாலா இருந்தது.

தாளைப் படிக்கும் முறை

முதலில் எண். ஜபல்பூர் நகரம் விழும் பழைய தாள் 55 எம்/16. இதில் 55 என்பது நான்கு பாகைச் சதுரம், எம் அதற்குள் ஒரு பாகைச் சதுரம், 16 அதற்குள் 15 கலைச் சதுரம். தாளின் அளவை 1:50,000. அதாவது 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், 1 மில்லிமீட்டர் 50 மீட்டர்.

அடுத்து, பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள். இந்தத் தாள்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே பொதுவாக 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் 100 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம், அதாவது ஐந்துக்கு ஒன்று. மும்பை வழியில் கசாரா காட்டில் ரயில் ஏறுவது 37க்கு ஒன்று. ஒப்பிட்டுப் பாருங்கள்! காய்ந்த தரையில் ஜீப் ஏறும் சரிவு மழையில் வழுக்கிவிடும். கோடுகள் 'வி' போல மடங்கி, அதன் முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் அது ஓடைப் பள்ளம். நீலக் கோடு இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் வரும்.

மூன்றாவது, அளவெடுத்த ஆண்டு. அது தாளிலேயே அச்சாகியிருக்கும். பர்கி அணை வருமுன் அளந்த தாளில், இன்று நீர் நிற்கும் இடத்தில் ஊரும் பாதையும் இருக்கும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட ஓப்பன் சீரீஸ் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கிலேயே உள்ளன. முடிந்தவரை அவற்றையே வாங்குங்கள். பழைய தாள்தான் கையில் இருந்தால், கருவியின் அமைப்பில் டேட்டத்தை இந்தியன் எவரெஸ்டுக்கு மாற்றுங்கள்.

2. 79.30 பாகை வேறு, 79 பாகை 30 கலை வேறு. முன்னது 79 பாகை 18 கலைதான். குழப்பிக்கொண்டால் இங்கே 20 கிலோமீட்டர் தவறும்.

3. கைபேசியில் டவர் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஆனால் வரைபடம் திரையில் வராது. வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காகிதத் தாளும் இருக்கட்டும், அதற்கு பேட்டரி வேண்டாம்.

4. காப்புக்காடு எல்லையைத் தாளில் பார்த்து, அனுமதி இல்லாத இடத்தில் நுழையாதீர்கள்.

5. அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, கருவி, தாள், கண் எதிரே உள்ள தரை ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்று முரண்டினாலும் வண்டியை நகர்த்தாதீர்கள்.

ஒரு வீட்டுப் பாடம்: உங்கள் தெருமுனையில் நின்று கருவியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தாளில் புள்ளி வையுங்கள். தெருமுனையிலேயே விழுகிறதா, வேறெங்காவது விழுகிறதா என்று குழந்தைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். நான் அதைச் செய்யாமல் போனதால்தான் அன்று நாலாக் கரையில் விடிய விடியக் கொசுக்கடியோடு உட்கார்ந்திருந்தேன்.