ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுமா?

இரண்டரை வயதாகியும் அர்த்தமுள்ள ஒரு சொல் சொல்லாத மகனை இடுப்பில் சுமந்து பேச்சுப் பயிற்சிக்கு வரும் தாயிடம், ஏனம்மா இத்தனை காலம் பொறுத்திருந்தீர்கள் என்று வினவினால், "ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், இவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினாராம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அபிப்பிராயமே விடையாக வருகிறது. எங்கள் துறையில் குழந்தைகளுக்கு இதனினும் அதிகத் தீங்கிழைத்த நம்பிக்கையை நான் அறியேன்.

ஆண் சிசு சற்றுப் பிந்திப் பேசுவது மெய். ஆனால் அந்த வித்தியாசம் சராசரியாக ஓரிரு மாதங்களேயன்றி ஆண்டுக்கணக்கன்று. முதற் பிறந்தநாளையொட்டி ஒரு சொல்லும், இரண்டு வயதில் "அம்மா வா" என்பதுபோல் இரு சொற்கள் இணைந்த பேச்சும் இருபாலார்க்கும் பொது. பிந்தியவர்களுள் சிலர் தாமாகவே பேசிவிடுவதும் உண்டுதான். எந்தப் பிள்ளை பேசும், எந்தப் பிள்ளை பேசாது என்பதைப் பரிசோதியாமல் யார் சொல்ல இயலும்? தந்தையும் தாமதமாகப் பேசினார் என்பது ஆறுதலன்று. இன்னும் சீக்கிரம் வந்திருக்க வேண்டியதற்கு அதுவே காரணம்.

அந்த மௌனத்தின் பின்னே கேளாமை மறைந்திருக்கலாம் என்று சொன்னால், "கதவை அறைந்தால் திரும்புகிறானே!" என்று வாதிடுகிறார்கள். கதவு அறையும்போது தரை அதிர்கிறது. தவிரவும், பலத்த ஓசை எட்டும் செவிக்கு மெல்லிய பேச்சு எட்டாமல் போகலாம். கேளாத சிசுவும் முதல் மாதங்களில் "ங்கா" என்று குரல் கொடுப்பதால் பெற்றோர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோவும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட 72 குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்ட 78 குழந்தைகளைவிட மொழியில் தெளிவாக முன்னின்றார்கள். காத்திருக்கச் சொல்கிறவர்கள், இழந்த அந்த மாதங்களை எங்கிருந்து திருப்பித் தருவார்கள்?

வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவினால் பேச்சு வரும் என்பது வீண். நாக்கு ஒட்டியிருப்பதே காரணம் என்போரும் உண்டு; ஒட்டிய நாக்கு தாய்ப்பால் குடிப்பதைச் சிரமமாக்கலாம், சில ஒலிகளைத் திரிக்கலாம். பேச்சையே தடுத்து நிறுத்தாது. வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் குழந்தை குழம்பும் என்பதற்கு ஆதாரமில்லை. கைப்பேசிப் பாட்டு பேசக் கற்பிக்கும் என்போர், பட்ரிஷியா குல் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கருத வேண்டும்: ஒன்பது மாத அமெரிக்கச் சிசுக்கள் சீனமொழியின் ஒலிகளை நேரில் பேசிய மனிதரிடமிருந்து கற்றன, திரையிலிருந்து கற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாதிருக்க என் மனம் ஒப்பவில்லை. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் வழக்கம் நீடிக்கும் நம் குடும்பங்களில் பிறவிக் கேளாமைக்கான அபாயம் கூடுகிறது. அவ்வழக்கத்தை நாம் விட்டொழிக்கத்தான் வேண்டும்.

உறங்கும் சிசுவின் காதில் சிறு கருவியைப் பொருத்திச் சில நிமிஷங்களில் முடிக்கும் செவிப் பரிசோதனையில் வலியில்லை. பிரசவித்த மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புமுன் அதைக் கேட்டுப் பெறுங்கள். அங்கு இல்லையென்றால், மாவட்டத்து ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு ஒரு மாதத்துக்குள் குழந்தையை எடுத்துச் செல்லுங்கள்.