முகத்தை விடு, கையைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். ஆறு அங்குலத் தீயணைப்பு வீரனின் முகத்தில் நன்றாகவே உழைத்திருக்கிறாய். கன்னத்து வேர்வைகூடத் தெரிகிறது. ஆனால் கையில் உள்ள கம்பியை அவன் பிடித்திருப்பதாகத் தோன்றவில்லை. யாரோ ஒட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. முதுகில் உள்ள சிலிண்டர் தலைகீழாக இருக்கிறது. இந்த இரண்டையும் பற்றி எழுத உட்கார்ந்தேன், கடிதம் நீண்டுவிட்டது. பொம்மைகளைத் தங்கள் விருப்பப்படி மாற்றிச் செய்யும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டுமே என்று பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

சூப்பர் ஹீரோ செய்பவர்கள் முகத்தில் தொடங்கினால் குற்றமில்லை. மீட்புப் பணியாளனுக்கு அது சரிப்படாது. வேலை நேரத்தில் அவன் முகம் பாதிக்குமேல் முகமூடிக்குள் இருக்கும். அவன் யார், எதற்கு வந்திருக்கிறான் என்பதைக் கையும் இடுப்பும் முதுகும்தான் சொல்லவேண்டும். ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982-இல் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை மூன்றே முக்கால் அங்குல அளவுக்குச் சுருக்கி மறுபடி கொண்டுவந்தது அல்லவா, அந்த வரிசையில் 1985-இல் ‘பார்பிக்யூ’ என்றொரு தீயணைப்பு வீரன் வந்தான். முகமே கிடையாது; தலை முழுக்கக் கவசம். ஆனாலும் கோடரியையும் முதுகுச் சாமானையும் பார்த்ததும் எந்தக் குழந்தையும் அவன் வேலையைச் சொல்லிவிடும். ஆகவே அடுத்த பொம்மையைக் கையில் தொடங்கு. கருவியைச் செய், அதைப் பிடிக்கும்படி கையைச் சரிசெய், பிறகு தோள், பிறகு கால். முகம் கடைசியில் வரட்டும்.

அந்தக் காலத்து ஜி.ஐ. ஜோ பொம்மைகளைப் பழையதாக வாங்குபவர்கள் முதலில் கட்டைவிரல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கெட்டிப் பிளாஸ்டிக் கைக்குள் தடித்த பிடியைத் திணித்துத் திணித்து விரல் ஒடிந்துபோயிருக்கும். (உடம்பை உள்ளே சேர்த்துப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தால் கவலைப்படாதே, முதுகுத் திருகாணியைக் கழற்றிப் புது வளையம் போட்டுவிடலாம். விரலுக்குத்தான் மாற்று கிடையாது.) உன் பொம்மையின் கை வளைகிற பி.வி.சி. என்றால் வேலை சுலபம். நல்ல சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் வை, விரல்களை விரி, பிடியை நுழைத்து மூடு, அப்படியே குளிர்ந்த நீரில் முக்கு. விரல்கள் அந்தப் பிடிக்கென்றே வார்த்ததுபோல் நின்றுவிடும். கை ஏ.பி.எஸ். போன்ற கெட்டி ரகமாக இருந்தால் விரலைத் தொடாதே, கருவியின் பிடியை ராவி மெலிதாக்கு.

இனி அந்தக் கம்பி. அது ஹாலிகன் பார். நியூயார்க் தீயணைப்புத் துறையின் உயரதிகாரி ஹியூ ஹாலிகன் 1948-இல் வடிவமைத்தது. ஒரு முனை பிளந்த கவை, மறுமுனையில் மண்வெட்டிபோல் ஒரு தகடும் அதற்குப் பக்கவாட்டில் ஒரு கூரும். பூட்டிய கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே கவையைச் செருகி, கோடரியின் பின்புறத்தால் அடித்து இறக்கி, நெம்பித் திறப்பார்கள். அதனால்தான் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் கோடரியையும் இதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகிறார்கள். நிஜக் கம்பி பெரும்பாலும் 30 அங்குலம், அதாவது 76 செ.மீ. உன் பொம்மை 1:12 அளவு என்பதால் கம்பி 6.3 செ.மீ. இருக்கவேண்டும். நீ செய்திருப்பது அவன் நெஞ்சைத் தாண்டி நிற்கிறது. கடையில் வரும் கருவிகள் ஒடியாமல் இருப்பதற்காகக் கொழுத்துப்போய்த்தான் இருக்கும். அவற்றைப் பார்த்துச் செய்தால் இப்படித்தான் ஆகும். நிஜக் கருவியின் அளவைத் தேடி எடுத்துப் பன்னிரண்டால் வகுத்துக்கொள். தண்டின் கனம் ஏறத்தாழ ஒரு அங்குலம் என்றால் உனக்கு வேண்டியது 2 மி.மீ. கம்பி. எங்கே கிடைக்கும் என்று அலையாதே. சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட ஸ்போக்ஸ் கம்பி அதே கனம்தான். ஒரு முனையைச் சுத்தியலால் தட்டையாக்கி நடுவில் அரத்தால் பிளவு போடு. மறுமுனைத் தகட்டையும் கூர்முனையையும் எம்-சீல் என்னும் எப்பாக்சி மக்கில் வைத்து, இறுகியபின் ராவு. எம்-சீலைப் பிசையும்போது கையுறை போட்டுக்கொள், இல்லாவிட்டால் தோல் எரியும். முக நுணுக்கத்துக்கு அது கொஞ்சம் சொரசொரப்பு, கருவிகளுக்கு நன்றாகவே போதும்.

சிலிண்டருக்கு வருகிறேன். முக்குளிப்பவர் பொம்மையிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறாய் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வால்வு கழுத்துப் பக்கம் இருக்கிறது. முக்குளிப்பவர்களுக்கு அதுதான் சரி. தீயணைப்பு வீரரின் மூச்சுக்காற்றுச் சிலிண்டரில் வால்வு கீழே, இடுப்புக்கு அருகில் இருக்கும். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தானே திறந்து மூடவேண்டுமே! இது தெரிந்தபின் சாமானைத் திருப்பி மாட்டுவதோடு நிறுத்தமாட்டாய். அந்த வால்வை எட்டும்படி வலது கையைக் கொஞ்சம் பின்னால் வைப்பாய். அப்போதுதான் பொம்மைக்கு உயிர் வரும். பழைய பால்பாயிண்ட் பேனாவின் உடலை நறுக்கி, மேல்முனையை எம்-சீலால் உருட்டி மூடினால் மூன்றே முக்கால் அங்குல (1:18) பொம்மைக்கு ஏற்ற சிலிண்டர் தயார். உன்னுடையதற்குத் தடித்த மார்க்கர் பேனா வேண்டியிருக்கும்.

கோட்டின் மேல் ஓடும் பட்டைகளைப் பளபளவென்று வெள்ளியில் தீட்டியிருக்கிறாய். அந்தப் பட்டை விளக்கொளி பட்டால்தான் அந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பகல் வெளிச்சத்தில் மங்கிய சாம்பலாகத்தான் தெரியும். வெளிர் சாம்பல் பூசி, இருபுறமும் எலுமிச்சை மஞ்சள் கோடு போடு. நிஜப் பட்டை 5 முதல் 7.5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் உனக்கு நாலு முதல் ஆறு மி.மீ. வரும். அமெரிக்கத் தலைக்கவசத்தின் பின்விளிம்பு நீண்டிருப்பதும் அழகுக்காக அல்ல, மேலிருந்து கொட்டும் நீர் கழுத்துக்குள் இறங்காமல் இருக்கத்தான். ஆகவே அதை வெட்டிக் குறைக்காதே.

வண்ணம் பற்றி நீ கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைகிற பி.வி.சி.யின் மேல் எனாமல் பூசினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், அக்ரிலிக்கே பூசு. ஸ்ப்ரே பிரைமரைக் கண்ணுக்குத் தெரியாத உள்காலில் அடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மற்ற இடத்துக்குப் போ. அச்சான எழுத்தை அழிக்க நெயில் பாலிஷ் ரிமூவரை எடுக்காதே. அதிலிருக்கும் அசிட்டோன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். மூட்டுகளில் வண்ணம் உரிவதற்குக் காரணம் வண்ணமல்ல, இடைவெளி போதாததுதான். உரசும் இடத்தை உப்புத்தாளால் ஒரு சுற்று தேய்த்துவிட்டுப் பூசு. சில பொம்மைகளின் மூட்டு ஆணிகள் அசிட்டால் என்னும் வழவழப்பான பிளாஸ்டிக். அதில் வண்ணமும் பிடிக்காது, ஃபெவிக்விக்கும் பிடிக்காது. போராடாமல் விட்டுவிடு.

இரண்டாவது படத்தில் உள்ள ஆம்புலன்ஸ் பெண்ணின் பையிலும் தோளிலும் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. எல்லாரும் போடுவதுதான், தெரியும். அந்தச் சின்னம் மருத்துவத்தின் பொது அடையாளம் அல்ல. போர்க்களத்தில் ‘இவர்களைச் சுடாதே’ என்று சொல்வதற்காக ஜெனீவா உடன்படிக்கைகள் காத்துவைத்திருக்கும் அடையாளம் அது. இந்தியாவிலும் 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அதை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. அமெரிக்காவில் ஆம்புலன்ஸ்களுக்கு ஆரஞ்சுச் சிலுவை போட்டிருந்த காலத்தில், அதுவே தங்கள் சின்னத்தை ஒத்திருக்கிறது என்று செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபித்தது. அதன் பிறகுதான் 1970-களில் ஆறு கரங்கள் கொண்ட நீல நட்சத்திரம் பிறந்தது. நடுவில் கோலைச் சுற்றிய பாம்பு. ஆபத்தைக் கண்டறிவது, தகவல் சொல்வது, விரைந்து வருவது, அந்த இடத்திலேயே சிகிச்சை, வழியில் கவனிப்பு, மருத்துவமனையில் ஒப்படைப்பு என ஒவ்வொரு கரத்துக்கும் ஒரு வேலை உண்டு. உன் பெண் அமெரிக்க வண்டியோடு நிற்கிறாள் என்பதால் அவளுக்கு இதுவே பொருத்தம். நம் ஊர் 108 ஊழியரைச் செய்வதாக இருந்தால் அந்த வண்டியைப் போய்ப் பார்த்து வரைந்துகொள்.

அடுத்தது கரி. நீ கோட்டு முழுக்கக் கரியைப் பூசியிருக்கிறாய். ஒரு காலத்தில் கருகிய தலைக்கவசம் தீயணைப்பு வீரர்களுக்குப் பெருமைதான், பதக்கத்துக்குச் சமம். இன்று நிலைமை மாறிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீயணைப்புப் பணியையே 2022-இல் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலிருந்து ஒட்டிக்கொள்ளும் நஞ்சு உடையிலேயே தங்கிவிடுகிறது என்பதால், தீயிலிருந்து வெளியே வந்ததும் உடையைக் கழுவச் சொல்கிறார்கள். எனவே 1980-களின் வீரன் என்றால் கரியை அள்ளிப் பூசு. இன்றைய வீரன் என்றால் முழங்காலிலும் முழங்கையிலும் தோள்பட்டை வார் உரசும் இடத்திலும் மட்டும் துணி வெளுத்திருக்கட்டும். தேய்மானம் எங்கே வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், உன் தூரிகைக்கு வேலை பாதியாகக் குறையும்.

அக்காள் மகனுக்கு ஒன்று செய்து தரப்போவதாக எழுதியிருந்தாய். அவனுக்கு இப்படியொரு பொம்மை வேண்டாம். ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் 1990-களின் இறுதியில் கொண்டுவந்த ‘ரெஸ்க்யூ ஹீரோஸ்’ பொம்மைகளைப் பார்த்திருப்பாய். பில்லி பிளேஸஸ், வெண்டி வாட்டர்ஸ் என்றெல்லாம் பெயர். அவர்களுக்கு ஆனைக்கால். பெரியவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், ஆனால் சின்னப் பிள்ளை எப்படி வைத்தாலும் அவை விழாமல் நிற்கும். அந்தக் காலைத் திருத்த நினைக்காதே. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை தொடும் பொம்மையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் தனியாகக் கழலக் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனையின் அளவு அது. உன் சைக்கிள் கம்பி இந்தக் கணக்கில் ஒருபோதும் தேறாது. கருவியைக் கையில் ஒட்டவைக்க நீ போடும் அந்தக் குட்டிக் காந்தங்களை எந்த வயதுக் குழந்தைக்குக் கொடுக்கும் பொம்மையிலும் வைக்காதே. இரண்டை விழுங்கினால் குடல் மடிப்புகளை நடுவில் நசுக்கி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். அலமாரிக்கா, குழந்தைக்கா என்பதை முதல் வெட்டு போடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்.

கடைசியாக ஒரு யோசனை. உன் அலமாரி முழுக்க மீட்பவர்கள். மீட்கப்படுபவர் ஒருவர்கூட இல்லையே! கடைக்காரர்களும் அதைச் செய்வது அபூர்வம். குழந்தைகள் கையில் கிடைத்த கரடியையும் பார்பியையும் தூக்கிவந்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். சாதாரண உடுப்பில் ஒரு நடுத்தர வயது ஆளைச் செய்துபார். தூக்கும்போது உடல் தொங்கவேண்டும் என்பதால் மூட்டுகளை இறுக்கமாக வைக்காதே. கையும் காலும் தளர்வாக ஆடட்டும். அவரைத் தோளில் சுமக்கும் வீரனின் முழங்கால் எவ்வளவு மடியும், எந்தப் பக்கம் சாய்வான், ஹாலிகன் கம்பியை அப்போது எங்கே செருகியிருப்பான் என்று ஒவ்வொன்றாக யோசிக்கவேண்டி வரும். நீ கேட்ட ‘போஸ்’ பற்றிய கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

விற்கலாமா என்று கேட்டிருந்தாய். விற்கலாம், ஆனால் நியூயார்க் துறையின் எஃப்.டி.என்.ஒய். எழுத்துகளைக் கோட்டிலிருந்து அழித்துவிட்டு. அது அந்த நகராட்சியின் வணிகக்குறி. கற்பனையாக ஒரு ஊர்ப் பெயர் எழுதிக்கொள். அடுத்த முறை முன்பக்கத்தோடு முதுகுப்புறத்தையும் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்