செம்மண் தோட்டங்களுக்கு எருவும் குழையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் சுண்ணாம்புக் கற்பாறையின்மேற் கிடப்பது. நீர் இதனுள் விரைவில் இறங்கும். வெப்பத்தினால் இதிலுள்ள சேதனப் பொருளும் விரைவில் அழியும். சேதனப் பொருள் குன்றிய மண் நீரையும் ஊட்டத்தையும் பற்றிவைத்திருக்கமாட்டாது. ஆதலாற் கமக்காரர் அடிக்கடி நீரிறைக்கவும், யூரியாவை மேன்மேலும் இடவும் நேருகின்றது.

மிகையாக இட்ட யூரியா எங்கே போகின்றது? அது மண்ணில் நைத்திரேற்றாக மாறும். பயிர் எடுத்தது போக எஞ்சியது நீரிற் கரைந்து, பாறை வெடிப்புக்களூடாக நிலத்தடி நீரைச் சேரும். அந்நீரையே நாம் கிணற்றில் அள்ளிப் பருகுகின்றோம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது இவ்வெல்லையைக் கடந்துள்ளது. இத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தல் கைக்குழந்தைகளுக்குக் கேடு விளைக்கும். கொதிக்கவைப்பதனால் நைத்திரேற்று நீங்காது.

ஆகவே மண்ணிற் சேதனப் பொருளைப் பெருக்குதல் பயிருக்கும் கிணற்றுக்கும் ஒருங்கே நன்மையாகும்.

இடும் முறை

1. மாட்டெரு, கூட்டெரு: பரப்புக்கு ஏறத்தாழ 250 கிலோகிராம், அதாவது எக்டயருக்கு 10 தொன், பரவிக் கொத்திக் கலக்குக. நன்கு உக்கிய எருவிற் சூடு இராது, மண்வாசனை வீசும்.

2. குழை: பூவரசு, கிளிசரிடியா ஆகியவற்றின் குழையை நடுகைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னர்ச் சால் வெட்டித் தாழ்த்து மண்ணால் மூடுக.

3. சணல்: தறை வெறுமையாய்க் கிடக்குங் காலத்தில் விதைத்து, பூக்கத் தொடங்கும்போது உழுது புதைக்குக. இதன் வேர்முடிச்சுக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் சேர்ப்பன.

4. பனையோலை: வேலியிலும் கூரையிலும் கழிந்த ஓலையைப் புதைக்குக. மெதுவாக உக்கி ஈரத்தைக் காக்கும்.

தவிர்க்க வேண்டியன

உக்காத வைக்கோல், மரத்தூள் என்பவற்றைப் பெருமளவிற் புதைத்தல் ஆகாது. அவற்றை உக்கச்செய்யும் நுண்ணங்கிகள் மண்ணின் நைதரசனை எடுத்துக்கொள்ளப் பயிர் மஞ்சளிக்கும். பச்சைக் கோழியெரு வேரைக் கருக்கும். சுண்ணாம்பு செறிந்த நிலத்துக்கு மேலும் சுண்ணாம்பிடுதல் வேண்டாம்.

எரு இட்டமையால் யூரியாவை ஒரே போகத்தில் முற்றாக விடுதலும் தகாது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது விளைவு குன்றியதை யாவரும் அறிவர். மண்ணைப் பரிசோதிப்பித்து, வேண்டிய அளவை மட்டும் பல தடவையாகப் பிரித்து இடுக. மண் வளம்பெற வளம்பெற அவ்வளவும் குறையும்.