ஏச்சும் பயமும் மூளைக்குள் என்ன செய்யும்?

"அவளுக்கு வருத்தம் ஒண்ணுமில்ல, சும்மா மனசுதான் சரியில்ல" என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். மனசும் உடம்பும் வேறு வேறு என்ற நினைப்புத்தான் இதற்குக் காரணம். நாளாந்தம் படும் பயமும் அவமானமும் மூளையையே மாற்றுகின்றன என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் எரிக் நெஸ்லர் என்பவரின் ஆராய்ச்சிக் குழு 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஒரு சுண்டெலியைப் பெரிய முரட்டு எலியின் கூட்டில் தினமும் சில நிமிடம் விட்டார்கள். அது அடிபட்டு அடங்கியதும் நடுவில் ஓட்டைகள் உள்ள தடுப்பைப் போட்டார்கள். இனி அடி விழாது. ஆனால் அடித்தவனைப் பார்த்துக்கொண்டே, அவன் வாசத்தை மோந்துகொண்டே மிச்சப் பொழுதைக் கழிக்க வேணும். பத்து நாளும் இப்படித்தான். ஒரு மாதம் சென்ற பிறகும் அந்தச் சுண்டெலி மற்ற எலிகளைக் கண்டால் ஒதுங்கியே நின்றது.

காரணம் என்ன? நமது ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பரம்பரையலகுகள் நூல்போலச் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. தளர்வாக இருக்கும் இடம் வேலை செய்யும். இறுகிய இடம் வேலை செய்யாது. தேயிலைச் செடிக்கு உரம்போல, நரம்புக் கலங்களுக்குப் பலம் தரும் புரதம் ஒன்று உண்டு. ஞாபகத்துக்கும் உணர்ச்சிக்கும் உதவும் மூளைப் பகுதியில், அந்தப் புரதத்தை உண்டாக்கும் பரம்பரையலகு இறுகிப்போயிருந்தது. அலகு அழியவில்லை. அதன் வேலைதான் குறைந்தது.

எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2009இல் கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர்கள், சிறு வயதில் கொடுமை அனுபவித்து, பின்னாளில் தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளையைச் சோதித்தார்கள். பதற்றத்தை அடக்க உதவும் ஒரு பரம்பரையலகின் வேலை அவர்களிடம் குறைந்திருந்தது.

இதில் நல்ல செய்தியும் உண்டு. டல்லஸ் சோதனையில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பழைய மருந்தொன்றை வாரக்கணக்கில் கொடுத்தபோது அந்த அலகு மறுபடி வேலை செய்தது. தழும்பு முழுதாக மறையவில்லை. ஆனாலும் சுண்டெலி மற்ற எலிகளோடு சேரத் தொடங்கியது.

ஆகவே மூன்று விஷயங்களை ஞாபகத்தில் வைப்போம்.

1. மனச்சோர்வு சோம்பலும் அல்ல, நடிப்பும் அல்ல. "எந்திரிச்சு வேலைக்குப் போ" என்று ஏசினால் அது குணமாகாது.

2. மருந்து தொடங்கினால் ரெண்டு நாளில் பலனில்லை என்று நாமாக நிறுத்தக் கூடாது. பலன் தெரிய வாரங்கள் ஆகும்.

3. அடிக்காவிட்டாலும், தினமும் மிரட்டும் வீட்டில் வளரும் பிள்ளை பயத்திலேயே வளர்கிறது.

தூக்கம், பசி, பேச்சு குறைந்த ஒருவர் நம் லயத்தில் இருந்தால், தோட்ட வைத்தியரிடம் கூட்டிப் போவோம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.